கொழுந்தனார் வண்டிக்கு ஒரு மோட்டார்

வீட்டிலேயே மோட்டார் வண்டி செய்தோம் என்றால், அடுப்பங்கரையில் இருப்பவளுக்கு அதைப் பற்றி என்ன என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் அதற்கு அவசியம் வந்தது, சகோதரிகளே.

என் கொழுந்தனாருக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம். (2014-இல் நம் நாடு போலியோ இல்லாத நாடு என்று ஆனது வாஸ்தவம்தான். அதற்காகச் சொட்டு மருந்தை விட்டுவிடாதீர்கள்.) கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளில்தான் முப்பது வருஷமாக முசிறி கைகாட்டிப் பக்கம் பெட்டிக்கடைக்குப் போய் வருகிறார். போன வருஷம் இரண்டு தோளும் பிடித்துக்கொண்டன. ராத்திரி தூக்கமே கிடையாது. வாதம் கண்டவர்களுக்குக் காலுக்கும் சேர்த்து உழைத்த கை, நடுவயதில் தளர்வது உண்டாம். சுற்றுவதைக் குறைக்கச் சொன்னார் டாக்டர்.

“கடையை மூடிட்டு, எல்லாத்துக்கும் உங்க கையை எதிர்பார்த்துக் கிடக்கணுமா அண்ணி?” என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து 2021-இல், சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொள்ளும் ‘நியோபோல்ட்’ என்ற மோட்டார் வண்டி வெளிவந்தது. மணிக்கு 25 கிலோமீட்டர் வரை ஓடும். விலை எங்களுக்கு எட்டவில்லை. டிப்ளமோ படிக்கும் என் பையன், “சித்தப்பா சைக்கிளுக்கே மோட்டார் வைக்கலாம்மா” என்றான்.

24 வோல்ட், 250 வாட் மோட்டார். நம் மிக்ஸியில் பாதிதான்! 12 வோல்ட் பாட்டரி இரண்டைத் தொடராக இணைத்து, சீட்டுக்கு அடியில் பெட்டி கட்டினான். ஒவ்வொன்றும் ஐந்து கிலோ அரிசிப் பை கனம். வெல்டிங் பட்டறையில் மோட்டாரைப் பின்சட்டத்தில் பொருத்தி, செயின் போட்டார்கள். ஃப்ரீவீல் இருப்பதால், பாட்டரி தீர்ந்தாலும் கையால் சுற்றி வீடு வந்து சேரலாம். செலவு பதினாலாயிரம் சொச்சம். என் சீட்டுப் பணம்.

“ஓடுறது இருக்கட்டும், நிக்குமாடா?” என்றார் மாமியார். நியாயமான கேள்வி. பழைய பிரேக்கைக் கழற்றிப் புதிது போட்டு, பிரேக் பிடித்ததுமே மோட்டாருக்குக் கரண்ட் நிற்கும்படி லீவரும் வைத்த பிறகே தெருவில் விட்டோம். பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் கட்டாயம்.

சார்ஜ் போடுவது என் பொறுப்பு. முழுக்க நிரம்பச் சுமார் அரை யூனிட்தான். ஆனால் சமையலறையில் போடவே கூடாது. இந்த ரகப் பாட்டரியிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரலாம். காற்றோட்டமான திண்ணையில்தான் போடுகிறேன். வளையல் இரண்டு முனையிலும் பட்டால் பொறி பறக்கும், கை வெந்துவிடும். அதனால் வயரைத் தொடுமுன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுவேன். பாட்டரியைப் பாதிக்குக் கீழே இறங்க விடாமலிருந்தால் நெடுநாள் உழைக்கும்.

தை மாசம் ஒரு நாள் சாயங்காலம் கடையில் ஆளைக் காணோம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார். காவிரிப் பாலத்தைத் தாண்டிக் குளித்தலை கடம்பவனநாதர் கோயிலுக்கே போய் வந்திருக்கிறார்! பாட்டரி பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டதென்று பையன் முறைத்தான். அவரோ விபூதிப் பொட்டலத்தை என்னிடம் நீட்டி, “பாலத்து ஏத்தத்துல யாரும் தள்ளலை அண்ணி” என்றார்.