65 கோடுகளும் ஒரு பெயர்ப்பட்டியலும்

அமெரிக்க நாட்டுக் கடித உறைகளில் முகவரியையொட்டிச் சிறு கோடுகள் ஏற்றமும் தாழ்வுமாக அணிவகுத்து நிற்பதுண்டு. எண்ணிப் பார்த்தால் 65 இருக்கும். அந்நாட்டுப் பங்கு ஒன்றில் நாம் சில ஆண்டுகள் பணியாற்றினோம். தவக்காலம் நெருங்கும்போது ஏழையர் நிதிக்குக் காணிக்கை வேண்டி இல்லந்தோறும் மடல் அனுப்புவது அங்கே வழக்கம். இக்கோடுகளின் பொருளை அப்போதுதான் அறிந்தோம்.

அந்நாட்டு அஞ்சல்துறை ஒரு வணிக நியாயம் வைத்திருக்கிறது. தன் வேலையில் ஒரு பங்கை அனுப்புவோரே செய்து கொடுத்தால் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரே தடவையில் 200 மடல்களேனும் 50 பவுண்டு எடையேனும் வேண்டும். ஆதாயம் நோக்காத அமைப்பென முன்னரே அனுமதி பெற்ற ஆலயங்களுக்குக் கட்டணம் இன்னும் குறைவு. ஒரே ஐந்திலக்க அஞ்சல் பகுதிக்கு 150 மடல்கள் சேர்ந்தால் அவற்றைத் தனித் தட்டில் அடுக்கலாம், அதற்கும் சலுகையுண்டு. உறைகளெல்லாம் ஒரே முகமாக நிற்க வேண்டும். மாலை முழுதும் நின்று அடுக்கிய தாய்மாரின் கால்வலியை மட்டும் எந்தக் கட்டண அட்டவணையும் கணக்கில் கொள்வதில்லை!

நம் நாட்டில் 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த ஆறிலக்கப் பின்கோடு, கடிதத்தை அதற்குரிய அஞ்சலகம் வரை வழிநடத்தும். அக்கோடுகளோ வாசற்படி வரை செல்வன. மேல் நீண்டவை, கீழ் நீண்டவை, இருபுறமும் நீண்டவை, குட்டையானவை என அவை நால்வகை. அவற்றுள் 31 இலக்கங்கள் வரை அடங்கும். கடைசி 11 இலக்கங்கள் மடல் சேரவேண்டிய இடத்தைக் காட்டும். பொறி அவற்றைப் படித்து, தபால்காரர் செல்லும் வீட்டு வரிசையிலேயே கடிதங்களை அடுக்கிவிடும்.

கோடிடுவது கணிப்பொறியின் வேலை. பெயர்ப்பட்டியலைச் சீர்செய்வதே மனிதர் வேலை. அனுப்பும் நாளுக்கு முந்தைய 95 நாள்களுக்குள், வீடு மாறியோர் விவரத்துடன் பட்டியலை ஒப்பிட்டாக வேண்டும். இல்லையேல் சலுகை இல்லை. ஆனால் இறந்தோரைத் தேடுவது அச்சோதனையின் நோக்கமன்று. கணவரை அடக்கம் செய்து மூன்று வாரமே ஆன ஒரு தாயின் இல்லத்துக்கு, அக்கணவர் பெயரிலேயே காணிக்கை மடல் போனால் என்னாகும்? ஆதலால் எழுபது வயது கடந்த அன்பர் ஒருவர், பங்கின் அடக்கப் பதிவேட்டை ஒருபுறமும் பட்டியலை மறுபுறமும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராகப் பார்த்து அடித்துவருவார். பழக்கமான பெயர் வந்தால் பேனா சற்றே நிற்கும். அந்த வேலையைக் கணிப்பொறிக்கு விட்டுக்கொடுக்க அவர் இசைந்ததேயில்லை. நாமும் வற்புறுத்தவில்லை.

ஓராண்டு, பல மாதங்களாகத் திருப்பலிக்கு வராத முதியவர் ஒருவரின் முகவரி மாறியிருப்பதை அந்த ஒப்பீடு காட்டியது. புதிய முகவரி, ஊருக்கு வெளியே இருந்த முதியோர் இல்லம். அவருக்கு முதலில் வேண்டியது காணிக்கை மடலன்று, நற்கருணை. அந்த வாரமே சென்றோம். உட்கொண்டபின் நெடுநேரம் கண்மூடி இருந்தார். நாம் விடைபெறுகையில் ஒரு துண்டுத்தாளில் தம் அறை எண்ணை எழுதிக் கொடுத்து, “இதையும் முகவரியில் சேர்த்துக்கொள்ளுங்கள் சாமி, இங்கே என் பெயரில் வேறு ஒருவரும் இருக்கிறார்” என்றார்.