புதுமடம் கடற்கரை: கேமராவோடு போறீங்களா? கொஞ்சம் தள்ளி நில்லுங்க!

ராமேஸ்வரம் போய் வந்தவர்களின் போனைத் திறந்தால் மூன்று படங்கள் கட்டாயம் இருக்கும். பாம்பன் பாலம், கோயில் கோபுரம், தனுஷ்கோடி சாலை. போகிற வழியிலேயே இருக்கும் புதுமடத்தின் படம் பெரும்பாலும் இருக்காது. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் செல்லும் நெடுஞ்சாலையில், உச்சிப்புளியில் தெற்கே திரும்பினால் வரும் கடலோர கிராமம் இது. இங்கே டிக்கெட் கவுன்ட்டரும் கிடையாது, செல்ஃபி பாயின்ட்டும் கிடையாது. மணல், பனை, நாட்டுப்படகு, கடல் அவ்வளவுதான். நல்ல படத்துக்கு அது போதும்.

ஆனால், இங்கே படம் எடுக்க கேமரா மட்டும் போதாது. யாருடைய இடத்தில் நிற்கிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு கடல், இரண்டு குணம்

ராமநாதபுரம் மாவட்டத்தின் நிலம் ராமேஸ்வரம் பக்கமாக ஒரு விரல் போல நீள்கிறது. அதற்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் இவற்றை வடகடல், தென்கடல் என்பார்கள். புதுமடம் தென்கடல் ஊர்.

தென்மேற்குக் காற்று வீசும் ஜூன், ஜூலையில் இந்தக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். வாடைக்காற்று வந்ததும் அடங்கிவிடும். வடகிழக்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசுவதுதான் காரணம். மழை ஓய்ந்த ஜனவரியிலிருந்து மார்ச் வரை கேமராக்காரர்களுக்கு ஏற்ற மாதங்கள்.

அந்த மாதங்களில் இன்னொரு வசதியும் உண்டு. கரை தெற்கு பார்த்திருப்பதாலும், சூரியன் அப்போது தெற்கே சாய்ந்து போவதாலும், காலையில் இடது பக்கம் உதயம், மாலையில் வலது பக்கம் அஸ்தமனம். ஒரே கரையில் நின்று இரண்டையும் எடுக்கலாம். நண்பகலில் வெயில் கடல் பக்கமிருந்து முகத்தில் அடிக்கும். தண்ணீர் வெள்ளையாகக் கூசும், படகுகள் கறுத்துத் தெரியும். அந்த நேரத்தில் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்புங்கள். காயும் வலை, கயிற்றுச் சுருள், படகின் முகப்பில் அடித்த பெயின்ட் எல்லாமே பளிச்சென்று விழும்.

போனில் எடுப்பவர்களுக்கு ஒரு டிப்ஸ். திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, பிரைட்னெஸ்ஸைக் கொஞ்சம் குறைத்தால் வானத்தின் நிறம் வெளிறாது.

படகு பொம்மையல்ல

விடிகாலையில் கரை சேரும் வள்ளங்கள்தான் எல்லோருக்கும் பிடித்த காட்சி. வலையிலிருந்து மீனைக் கழற்றுவது, வகை பிரிப்பது, ஐஸ் போடுவது, ஏலம் கேட்பது என அடுத்த ஒரு மணி நேரம் யாருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டு வந்தவர்களிடம் "அண்ணே, இந்தப் பக்கம் ஒரு லுக்" என்று கேட்பது எவ்வளவு நியாயம்? வேலை முடியட்டும். டீ குடிக்கும் நேரத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். பலர் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இந்தக் கடலோர ஊர்களில் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேல் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்குவார்கள். ஃபிரேமுக்கு அழகான காட்சிதான். ஆனால், பாசி அதிகம் கிடைக்கும் தீவுப் பகுதிகள் தேசியப் பூங்கா எல்லைக்குள் வருகின்றன. அங்கே நுழைவதற்கே கட்டுப்பாடு இருக்கிறது. முகமும் இடமும் தெரியும்படி நீங்கள் போடும் ஒரு ரீல்ஸ் உங்களுக்கு லைக் வாங்கித் தரலாம், அந்த அம்மாவுக்கு வினையாகவும் முடியலாம். முகம் தெரிய எடுக்கிறீர்கள் என்றால், எங்கே போடப் போகிறீர்கள் என்பதையும் சொல்லிக் கேளுங்கள்.

பறவை தலை தூக்கினால் நில்லுங்கள்

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். பவளப்பாறை, கடற்புல், ஆவுளியா என்று இங்கே அழைக்கப்படும் கடல்பசு, ஆமை, கடல்குதிரை எல்லாம் வாழும் கடல் இது. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது.

குளிர்காலத்தில் உள்ளான், ஆலா போன்ற பறவைகள் மத்திய ஆசியா, சைபீரியா பக்கமிருந்தெல்லாம் இந்தக் கரைகளுக்கு வருகின்றன. பக்கத்தில் தனுஷ்கோடிக்குப் பூநாரைகள் வருகின்றன. அந்தப் பகுதியை 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது.

கூட்டமாக உட்கார்ந்திருக்கும் பறவைகளை ஓடிப்போய் எழுப்பிவிட்டு, அவை பறப்பதை ஸ்லோமோஷனில் எடுப்பது இப்போது டிரெண்ட். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை, திரும்பிப் போவதற்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் தின்று சேர்க்கிறது. நாம் ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அந்தச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் செலவாகிறது. இரை எடுப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தால், அதுதான் எல்லை. அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். அசையாமல் இருந்தால் பல சமயம் பறவைகளே நெருங்கி வரும்.

இதே மாதங்களில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. இரவில் டார்ச்சும் ஃபிளாஷும் வேண்டாம். செயற்கை வெளிச்சத்தைக் கண்டால் குஞ்சுகள் கடலுக்குப் பதிலாக நிலத்தின் பக்கம் போய்விடும்.

டிரோனைப் பையிலேயே வையுங்கள்

மேலிருந்து ஒரு ஷாட் எடுத்தால் சூப்பராக இருக்கும் என்று தோன்றும். வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம் இருக்கிறது. கடற்படைத் தளங்களைச் சுற்றி அனுமதியில்லாமல் டிரோன் பறக்கவிடுவது குற்றம். சர்வதேச கடல் எல்லையும் தொலைவில் இல்லை. சாதனம் பறிமுதலாவதோடு வழக்கும் வரலாம்.

படகு பேசி, தெரியாமல் தீவுக்குப் போய் வரலாம் என்று யாராவது சொன்னாலும் ஏமாறாதீர்கள். பிடிபட்டால் உங்களை ஏற்றிச் சென்றவரின் பிழைப்பும் சேர்ந்து போகும். தீவைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், பாம்பன் பக்கம் குருசடைத் தீவுக்கு வனத்துறையின் சூழல் சுற்றுலாப் படகு இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

மணலில் கிடக்கும் பவளத்துண்டையும் எடுத்து வராதீர்கள். பவளம், கடல்குதிரை, கடல் அட்டை எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. படம் எடுத்துக்கொள்ளுங்கள், பொருளை விட்டுவிடுங்கள்.

ரயிலில் வந்தால் உச்சிப்புளி ஸ்டேஷனில் இறங்கலாம். தண்ணீர், தொப்பி, போனுக்கு பவர் பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோகும் பிளாஸ்டிக் பாட்டிலைத் திரும்ப எடுத்து வரவும் பையில் இடம் வையுங்கள்.