சந்தக்பூ மலையின் முதிய வண்டிகள்

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை செல்லும் வழியில் அமைந்தது எங்கள் அமராவதிபுதூர். செம்மண் பூமி. மேடென்று சொல்லத்தக்க மேடு கண்ணுக்கெட்டிய தூரம்வரை கிடையாது. கண்மாய்க் கரைதான் எங்களுக்கு மலை. நான்கு சக்கரங்களும் ஒருசேர இழுக்கும் வண்டியின் அருமை இவ்வூராருக்குத் தெரிய நியாயமில்லை. இத்தகைய ஊரைச் சேர்ந்த மதரஸா ஆசிரியனாகிய நான், இமயத்தின் ஒரு மலைப்பாதையில் ஓடும் முதிய வண்டிகளைக் காண்பதற்கென்றே பயணப்பட்டேன் என்றால் வாசக அன்பர்கள் வியக்கக்கூடும்.

காரணம், ஊரில் வாகனப் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர். லேண்ட் ரோவர் என்ற பெயரைக் கேட்டாலே அவர் முகம் மலரும். "அந்த வண்டியெல்லாம் நின்னு போறதுக்குள்ள ஒரு தடவை பார்த்துடணும் ஹஜ்ரத். உங்களுக்கு உருது தெரியும். எனக்கு அங்கே பேச ஒரு ஆள் வேணும்" என்றார். 2024ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து, ஷவ்வாலில் மதரஸா திறப்பதற்கு முன் கிடைத்த இடைவெளியில் புறப்பட்டோம். சென்னையிலிருந்து நியூ ஜல்பாய்குரி வரை ரயில். அங்கிருந்து வாடகைக் காரில் டார்ஜிலிங் மாவட்டத்து மானேபஞ்சாங். நேபாள எல்லையை ஒட்டிய சிறு கடைவீதி அது. இங்கிருந்து ஏறத்தாழ 31 கிலோமீட்டர் ஏறினால் மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய சந்தக்பூ. உயரம் 11,930 அடி.

கடைவீதியில் வரிசையாக நின்றிருந்தன அவ்வண்டிகள். அவற்றை அழகு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தட்டையான பக்கங்கள், சதுர மூக்கு, உள்ளே பலகை போன்ற இருக்கை; தகரப் பெட்டிக்குச் சக்கரம் பூட்டியது போன்ற தோற்றம். என் மாணவரோ தொலைந்த உறவினரைக் கண்டவர்போல ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார்.

அந்தத் தோற்றத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போர் ஓய்ந்தபோது இங்கிலாந்தில் எஃகுக்குக் கடும் பஞ்சம். ரோவர் கார் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸில் ஆங்கில்ஸி தீவிலுள்ள தம் பண்ணையில் போரில் கழித்துவிட்ட அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்து வேலை வாங்கி வந்தார். அதற்கு மாற்றாக நாமே ஒன்று செய்தாலென்ன என்று 1947இல் கடற்கரை மணலில் அவர் வரைந்த கோட்டுருவமே இவ்வண்டியின் தொடக்கம். அடிச்சட்டத்துக்கு எஃகுத் தகடுகளைப் பட்டைபட்டையாக வெட்டி, பெட்டிக்கால்போல ஒட்டவைத்தனர். மேலுடம்புக்கு அலுமினியக் கலவை, அது துருப்பிடிக்காது. வளைவு நெளிவுக்குத் தேவையான விலையுயர்ந்த அச்சுகளைத் தவிர்க்கவே பக்கங்கள் தட்டையாயின. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளியிட்டபோது, சில ஆண்டுகள் கம்பெனியைக் காப்பாற்றினால் போதும் என்பதே எண்ணம். பெயரும் உறுப்புகளும் படிப்படியாக மாறினாலும், அந்த வம்சத்தின் கடைசி வண்டி 2016 ஜனவரி 29 அன்றுதான் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. மொத்தம் 20 இலட்சத்துக்கும் மேல். இடையே 2008இல் கம்பெனியையே நம் நாட்டு டாட்டா மோட்டார்ஸ் வாங்கிவிட்டது. தேயிலைத் தோட்டத் துரைமார்கள் டார்ஜிலிங் மலைகளுக்குக் கொண்டுவந்து, நாடு திரும்பும்போது விட்டுச்சென்ற வண்டிகளே இன்று மானேபஞ்சாங்கில் நிற்பவை.

பிரயாண துஆ ஓதி ஏறி அமர்ந்தோம். சாரதிக்கு ஐம்பது வயதிருக்கும். பாட்டனார் வாங்கிய வண்டியாம். சித்ரே, மேக்மா, தும்லிங் என ஊர்கள் மேகத்துக்குள்ளிருந்து தோன்றி மறைந்தன. செங்குத்தான திருப்பங்களில் இரண்டாவது கியர்த் தண்டைத் தள்ளி, நடந்து செல்பவரின் வேகத்தில் ஏறினார். இந்த மந்தகதியே வண்டியின் வலிமை என்று மாணவர் விளக்கினார். வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையைப் பெறுகிறதாம்.

கைரிபாஸைத் தாண்டியதும் பாதையில் துருத்திய பாறையொன்று தாக்க, பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு தகடு முறிந்தது. ஏறத்தாழ பத்தாயிரம் அடி உயரம், குளிர், மாலைக்குள் மேலே சேர வேண்டும். எனக்குக் கவலை தொற்றிக்கொண்டது. சாரதியோ இருக்கையைத் தூக்கினார். அடியில் தகடுகள், ஆணிகள், குழாய்கள், கயிறு. மாணவர் எதுவும் கேளாமல் கீழே படுத்துவிட்டார். ஒருவர் கை நீட்ட, மற்றவர் ஸ்பேனரை வைத்தார். என்னை அழைத்துச் சென்றது மொழிக்காக. அந்த முக்கால் மணி நேரமும் அது தேவைப்படவே இல்லை.

"உடையாத வண்டியென்று ஊரார் புகழ்கிறார்களே" என்று பின்னர் உருதுவில் கேட்டேன். சாரதி சிரித்தார். "மௌலானா ஸாஹிப், உடையாத நாளில்லை. ஆனால் உடைந்ததை நானே பூட்டிவிடுவேன். புது வண்டி நின்றால் கம்பெனி ஆள் வரவேண்டும். இங்கே யார் வருவார்?" என்றார். என்ஜினும் பழையதன்று, மஹிந்திரா டீசல் என்ஜினை மாற்றியிருந்தார். பலகை, கூரை, பிரேக் எல்லாம் மாறியவை. எல்லா உறுப்பும் மாறிய பின்னும் அது அதே வண்டிதானா என்பது மன்திக் வகுப்பில் மாணவர்களைத் திணறடிக்க நல்ல கேள்வி.

இதே வண்டியின் உறுதிக்கு உலகறிந்த சான்றொன்று, நம் பகுதியாருக்கு நெருக்கமான வழியில் நிகழ்ந்தது. 1955 செப்டம்பர் 1 அன்று ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர் அறுவர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டு, இந்தியா, பர்மா, சயாம், மலாயா வழியாக 1956 மார்ச் 6 அன்று சிங்கப்பூர் அடைந்தனர். அஸ்ஸாமின் லேடோவிலிருந்து பர்மாவுக்குள் அவர்கள் கடந்தது, போர்க்காலத்தில் அமைத்துக் கைவிடப்பட்ட காட்டுச் சாலை. 1942இல் ரங்கூன் வீழ்ந்தபோது, செட்டிநாட்டாரும் தமிழ் முஸ்லிம்களும் உள்ளிட்ட இலட்சக்கணக்கானோர் பர்மாவிலிருந்து கால்நடையாகத் தப்பி வந்த எல்லைக் காடுகள் அத்திசையிலேயே இருக்கின்றன. பர்மாத் தேக்குத் தூண்களுள்ள வீடுகளில் இக்கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அக்காட்டை ஒரு வண்டி கடந்தது என்பதே பெரிதாகப் பட்டது. அவ்விரண்டு வண்டிகளுள் ஒன்று நெடுங்காலம் செயின்ட் ஹெலீனா தீவில் கிடந்து, மீட்டுச் சீராக்கப்பட்டு, 2019இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு ஓடியே திரும்பியது. பழைய பயணி ஒருவரின் பேரனும் அதில் வந்தார்.

காளிபோக்ரியைக் கடந்து, கடைசி ஏற்றத்தில் வண்டி மூச்சுவாங்கி, அஸருக்குச் சற்று முன் சந்தக்பூ சேர்ந்தோம். மறுநாள் பஜ்ருக்குப் பின் கஞ்சன்ஜங்கா பொன்னிறமாய் எழுந்தது, தொலைவில் எவரெஸ்ட். அந்தக் காட்சியைப் பலரும் எழுதிவிட்டார்கள்.

எழுதப்படாதது சாரதியின் மனக்கவலை. பாதையின் பெரும்பகுதி காங்கிரீட்டாகி வருகிறது. ஊருக்கு அது நன்மையே. நோயாளியைத் தூக்கி இறங்கும் துன்பம் குறையும். ஆனால் நல்ல பாதையில் புது வண்டிகளும் ஏறுகின்றன. பயணிகள் மெத்தை இருக்கையைத்தான் கேட்கிறார்கள். பழைய வண்டிக்கு உதிரி உறுப்புக் கிடைப்பதில்லை. ஒவ்வொன்றையும் சிலிகுரியில் கடையச் சொல்ல வேண்டும். மகனுக்குப் புது வண்டி வாங்கத்தான் விருப்பம். விற்றுவிடலாமா என்று என்னையே கேட்டார். பாட்டனார் வாங்கியதை விற்கச் சொல்லும் துணிவு எனக்கில்லை. வைத்துக்கொண்டு நட்டப்படுங்கள் என்று சொல்லும் உரிமையும் இல்லை.

மாணவர் வேறு விதமாகப் பதில் சொன்னார். தேய்ந்துபோன ஸ்பிரிங் புஷ் ஒன்றைக் கேட்டு வாங்கி, அளவெடுத்துத் தாளில் வரைந்துகொண்டு, கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில் வைத்தார். அவ்வாண்டு துல்ஹஜ் மாதத்தில், காரைக்குடிக் கடைசல் பட்டறையில் அதேபோல் எட்டு கடைந்து மானேபஞ்சாங்குக்குத் தபாலில் அனுப்பினார். ஆறு சரியாகப் பொருந்தின, இரண்டை அரம் போட்டுப் பூட்டினேன் என்று தொலைபேசியில் தகவல் வந்தது.