சுட்டது முறையா?

தூத்துக்குடியில் 2018ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றி நம் மக்கள் இன்றும் இரு கட்சிகளாக நின்று வாதிடக் காண்கிறோம். ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் கூடி நிற்போரில் சிலர், “போலீசார் வேறு என்னதான் செய்ய முடியும்?” என்கின்றனர். வேறு சிலர், “கையில் ஆயுதமற்றவர்களைச் சுட்டார்களே!” என்று கொதிக்கின்றனர். இவர்களுக்கு நடுவே வாய் திறவாமல் நிற்பவரும் உண்டு. அவருடைய மகன் காவல் துறையில் பணியாற்றுகிறான்.

இவ்வாதத்தைப் பலமுறை செவிமடுத்த நமக்கு ஓர் உண்மை புலனாகிறது. இரு கட்சியினரும் கூட்டத்தின் குணத்தைப் பற்றியே வழக்காடுகின்றனர். கூடியவர்கள் நல்லவர்களா, தீயவர்களா? அமைதியாக வந்தார்களா, கலகம் செய்யும் நோக்குடன் வந்தார்களா? இவ்வினாக்களுக்கு விடை கிடைத்துவிட்டால் சுட்டது முறையா, முறையன்றா என்பதும் முடிவாகிவிடும் என்று எண்ணுகின்றனர். நம் திருச்சபையின் அறநெறி கேட்கும் கேள்வியோ வேறு. துப்பாக்கியின் விசை இழுக்கப்பட்ட அந்த நொடியில், குண்டு பாய்ந்த அந்த மனிதரால் யாருடைய உயிருக்கேனும் ஆபத்து இருந்ததா?

நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையின் விரிவாக்கத்தை எதிர்த்து, அவ்வாண்டு பிப்ரவரி 12ஆம் நாள் அ. குமரெட்டியாபுரம் மக்கள் போராட்டம் தொடங்கினர். அதன் நூறாவது நாளே மே 22. ஆட்சியர் அலுவலகத்தை முற்றுகையிடப் போவதாக அறிவித்திருந்தனர். முந்திய இரவே நகரின் சில பகுதிகளில் 144 தடை உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. எனினும் பனிமய மாதா ஆலயப் பகுதியிலிருந்தும், ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் பெண்களும் பிள்ளைகளுமாகப் பல்லாயிரவர் திரண்டு நடந்தனர். கோரம்பள்ளத்திலுள்ள ஆட்சியர் அலுவலகத்தில் துப்பாக்கிகள் வெடித்தன. அதன்பின் வேறு இடங்களிலும் வெடித்தன. அங்கிருந்து பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடலோரத் திரேஸ்புரத்தில் ஒரு குடும்பத்தலைவி சுடப்பட்டு மாண்டார். மறுநாள் அண்ணா நகரில் ஓர் இளைஞர் வீழ்ந்தார். ஆகப் பதின்மூன்று உயிர்கள். அவர்களில் இந்துக்களும் இருந்தனர், கிறிஸ்தவர்களும் இருந்தனர்.

போலீசாருக்காகப் பேசுகிறவர்கள் சொல்வதை இகழ்ந்து ஒதுக்குவதற்கில்லை. அன்று கற்கள் வீசப்பட்டன, வாகனங்கள் எரிந்தன, காவலர்களும் காயமுற்றனர், தடை உத்தரவு மீறப்பட்டது. இவை யாவும் உண்மையே. இவற்றை மறைத்துப் பேசுவது இறந்தோருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. ஆனால் கல்லெறிந்த குற்றத்துக்கு நம் நாட்டுச் சட்டம் விதிக்கும் தண்டனை யாது? தடை உத்தரவை மீறியதற்கு யாது? நீதிமன்றத்தில் நிறுத்தினால் சில மாதச் சிறையோ அபராதமோ கிடைக்கக்கூடிய செயலுக்கு, தெருவில் மரணம் எவ்வாறு தகுந்த கூலியாகும்?

புனித தாமஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இதனை ஆராய்ந்திருக்கிறார். தாக்க வருகிறவனிடமிருந்து தன் உயிரைக் காத்துக்கொள்ள ஒருவனுக்கு உரிமை உண்டு. அம்முயற்சியில் தாக்கியவன் மாண்டாலும் காத்துக்கொண்டவன் கொலைப் பழிக்கு ஆளாகான். ஆயினும் தேவைக்கு மிஞ்சிய வன்மையைக் கையாண்டால் அச்செயல் முறையற்றதாகிவிடும். இதுவே அவருடைய போதனை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதனை ஏற்றுக்கொண்டு, மக்களின் உயிருக்குப் பொறுப்பாளரான ஆட்சியாளர் தேவை நேர்ந்தால் ஆயுதமும் எடுக்கலாம் என்கிறது. ஆகவே போலீசார் ஒருபோதும் சுடலாகாது என்று திருச்சபை கூறவில்லை. அப்படி நாம் கூறினால், ஆபத்தில் அவர்களையே கூவி அழைக்கும் நாம் வேடதாரிகளாவோம்.

ஊர்ப்புறத்து உதாரணம் ஒன்று சொல்வோம். நள்ளிரவில் தென்னந்தோப்பில் திருடன் நுழைகிறான். காவல்காரர் விரட்டுகிறார். திருடன் அரிவாளை ஓங்கினால் அவரும் தம் கைத்தடியை ஓங்கலாம்; அடி பலமாக விழுந்துவிட்டால் ஊரார் அவரைக் கொலைகாரர் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் தேங்காயைப் போட்டுவிட்டு வேலி தாண்டி ஓடுகிறவனின் முதுகில் அரிவாளை எறிந்து கொன்றால்? திருடன் திருடன்தான். அவன் பழைய கேடியாகவும் இருக்கலாம். என்றாலும் அந்தச் சாவைக் “காவல்” என்று எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் ஏற்காது.

இங்கேதான் ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கையை நாம் கருத வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து எழுதப்பட்ட அவ்வறிக்கை 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழகச் சட்டப் பேரவையில் வைக்கப்பட்டது. சுடுவதற்குரிய தூண்டுதல் இல்லாமலே சுட்டார்கள் என்பது அதன் முடிவு. எச்சரிக்கை, கண்ணீர்ப் புகை, தடியடி, வானை நோக்கிச் சுடுதல் எனக் காவல் துறையின் விதிகளே வகுத்துள்ள படிகள் முறைப்படி பின்பற்றப்படவில்லை. ஆட்சியர் அலுவலக வளாகத்திலிருந்த பூங்காவில் மறைந்து நின்று சுட்டிருக்கின்றனர். ஒரே காவலர் 17 தடவை சுட்டிருக்கிறார். எல்லாவற்றினும் கொடிது, தப்பியோடுகிறவர்களை நோக்கிச் சுட்டதாகும். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த ஓர் இளம்பெண்ணின் பிடரியில் குண்டு நுழைந்திருந்தது. முதுகு காட்டி ஓடுகிறவர் யாரைத் தாக்க முடியும்? பிரேதப் பரிசோதனை அறிக்கையின் அந்த ஒரு வரி, முற்றத்து வாதங்கள் அனைத்தையும்விட அதிகம் பேசுகிறது என்பது நம் கருத்து. வேனின் கூரைமேல் ஏறி, சீருடையின்றி, நீண்ட துப்பாக்கியால் நிதானமாகக் குறிபார்த்த மனிதரைத் தொலைக்காட்சியில் நாடே கண்டது. உயிருக்கு அஞ்சித் தற்காத்துக்கொள்பவரின் நிலையா அது?

“சமூக விரோதிகள் புகுந்துவிட்டனர்” என்ற பேச்சும் அந்நாட்களில் பலமாக ஒலித்தது. புகழ்மிக்க திரைப்பட நடிகர் ஒருவர் காயமுற்றோரைக் காணத் தூத்துக்குடிக்கு வந்து, அதையே கூறிச் சென்றார். திருச்சபைதான் மக்களைத் தூண்டிவிட்டது என்றும் சிலர் எழுதினர். மூச்சுத் திணறுகிற மக்களுக்குத் தாங்கள் மூச்சுத் திணறுவதை மற்றொருவர் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அது கிடக்கட்டும். சமூக விரோதிகள் புகுந்தது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவர்கள் யாரெனக் கண்டு பிடித்து நிறுத்துவதே போலீசாரின் கடமை. திரேஸ்புரத்து அன்னையின் மரணத்துக்கு இது எப்படி விடையாகும்?

மற்றொரு குழப்பத்தையும் களைய வேண்டும். ஆலை நல்லதா, கெட்டதா என்பது ஒரு வழக்கு. சுட்டது முறையா என்பது வேறொரு வழக்கு. முன்னது அரசின் ஆணைக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் உயர்நீதிமன்றத்துக்கும் நடந்து, 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 29இல் உச்ச நீதிமன்றம் ஆலை நிர்வாகத்தின் மேல்முறையீட்டைத் தள்ளியபோது ஒரு முடிவுக்கு வந்தது. ஆலையால் பல குடும்பங்கள் பிழைத்தன என்பதும், அது மூடப்பட்டதால் அவை வாடின என்பதும் மெய். ஆனால் ஆலையை ஆதரிக்கிறவர் துப்பாக்கிச் சூட்டையும் ஆதரித்தாக வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்தது? எதிர்த் தரப்பிலும் இக்குறை உண்டு. “ஆலையைத்தான் மூடிவிட்டார்களே, இனி எதற்குப் பழைய கதை?” என்று சொல்வோரை நாம் அறிவோம். பதின்மூன்று உயிர்கள் ஆலைப் பூட்டுக்குக் கொடுத்த விலை என்பது போல இவர்கள் கணக்கை முடித்துவிடுகின்றனர். தேசிய மனித உரிமை ஆணையமும், இழப்பீடு வழங்கப்பட்டதைச் சுட்டிக்காட்டி, 2018 அக்டோபரிலேயே தன் விசாரணையை முடித்துக்கொண்டது. ஆபேலுக்குப் பின் காயினிடம் கடவுள் இழப்பீட்டைப் பற்றி விசாரிக்கவில்லை. தம்பி எங்கே என்றுதான் விசாரித்தார்.

இனி, வாய் திறவாமல் நிற்கும் அந்தத் தந்தையின் மகனுக்கு வருவோம். அவனுக்கு ஆணை வந்தது; அவன் சுட்டான். அவன் செய்யக்கூடியது வேறென்ன என்று கேட்கிறார்கள். கடினமான கேள்விதான். சான் சால்வதோர் நகரப் பேராயர் புனித ஆஸ்கர் ரொமேரோ 1980ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் தம் மறையுரையில் போர்வீரர்களை நேரடியாக விளித்து, கடவுளின் சட்டத்துக்கு மாறான ஆணைக்குக் கீழ்ப்படியும் கடமை எவருக்கும் இல்லை என்றார். மறுநாள் திருப்பலி நிறைவேற்றுகையில் அவரைச் சுட்டுக் கொன்றனர். தூத்துக்குடி நிகழ்ச்சிக்குப் பின் ஐந்து மாதத்துக்குள் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. ஆகவே ஆணை என்ற ஒன்று மனச்சான்றைக் கழுவிவிடாது. எனினும் கடைநிலைக் காவலனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு மேலே உள்ளவர்கள் ஒதுங்கிக்கொள்வதும் நீதியன்று. ஆணையம் இதனை நன்கு உணர்ந்திருந்தது. தென்மண்டலக் காவல் துறைத் தலைவர் தொடங்கிக் காவல் துறையினர் 17 பேர் மீதும், அன்றைய மாவட்ட ஆட்சியர் மீதும், வருவாய்த் துறையினர் சிலர் மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. தலைநகரில் கலவர மேகம் சூழ்ந்திருந்த அந்நாளில் ஆட்சியர் கோவில்பட்டியில் இருந்தார் என்பதைக் கடிந்துரைத்தது. தொலைக்காட்சியைப் பார்த்தே செய்தியை அறிந்ததாக அன்றைய முதலமைச்சர் கூறியதையும் அது ஏற்கவில்லை.

சுட்டவருக்கும் ஓர் ஆன்மா உண்டு என்பதை நாம் மறப்பதற்கில்லை. விசாரணை அவருக்கும் நன்மையே. செய்தது இன்னதென்று பெயரிட்டுச் சொல்லப்படாத பாவத்துக்கு மனிதன் எப்படி மன்னிப்புக் கேட்பான்? பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்கிற எந்தக் குருவும் இதை அறிவார். “கடமையைத்தான் செய்தாய்” என்று வீட்டாரும் மேலதிகாரிகளும் திரும்பத் திரும்பச் சொல்வதனால், உறங்காத இரவுகள் உறங்கிவிடுவதில்லை.

நம் பங்கில் மே மாத இறுதி ஞாயிறன்று பொது மன்றாட்டில் இரு கருத்துகளைச் சேர்த்தோம்: ஒன்று, உயிரிழந்த பதின்மூவருக்காக, மற்றொன்று, சுட்டவர்களுக்காகவும் சுட ஆணையிட்டவர்களுக்காகவும். திருப்பலி முடிந்ததும் பெரியவர் ஒருவர் வந்து, முதலாவது மன்றாட்டு அரசியல் என்றார். சற்று நேரத்தில் கடற்கரைத் தெருவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் வந்து, “சுட்டவனுக்கு எதுக்கு சாமி மன்றாட்டு?” என்றார். இருவரையும் உட்காரவைத்துப் பேசினோம். இருவரும் முழுமனதோடு இசைந்தனர் என்று கூறுவதற்கில்லை. அடுத்த ஆண்டும் இரண்டையும் வாசித்தோம். மூதாட்டி அவ்வாண்டு பதிலுரை சொன்னார், இரண்டுக்கும்.