கொள்ளிடம் சுமக்கும் மண் எங்கே போகிறது?

மயிலாடுதுறை மாவட்டத்தின் வடக்கு எல்லையில் இருக்கிறது பழையாறு மீன்பிடித் துறைமுகம். அதற்குச் சற்று வடக்கே கொள்ளிடம் கடலில் கலக்கிறது. பூம்புகாரில் காவிரி வாய்க்கால் போலச் சுருங்கித்தான் கடலைத் தொடுகிறது. முக்கொம்பில் பிரிந்துவரும் கொள்ளிடம்தான் பெருவெள்ளத்தைச் சுமந்து வருகிறது. மேட்டூர் நிரம்பி வழியும் காலத்தில் இங்கு வந்தால், முகத்துவாரத்துக்கு வெளியே கடல் நீலமாக இருக்காது. பழுப்பாகக் கலங்கிக் கிடக்கும். அந்தக் கலங்கல் அத்தனையும் யாரோ ஒரு விவசாயியின் மேல்மண்.

அது எங்கே போகிறது என்று அறிய ஒரு கண்ணாடி பாட்டில் போதும். வயல் மண் ஒரு கைப்பிடி போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்கும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி மட்டும் நாள் கணக்கில் மிதக்கும்.

கடலிலும் இதே கதைதான். ஆற்றின் வேகம் குறைந்ததும் மணல் முகத்துவாரத்திலேயே திட்டாக விழுகிறது. வண்டல் இன்னும் சற்றுத் தூரம் போகிறது. களித்துகள்கள் உப்புநீர் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து இறங்குகின்றன. களர் நிலத்தில் ஜிப்சம் போட்டதும் கலங்கல் தண்ணீர் தெளிகிறதே, கிட்டத்தட்ட அதே வேலைதான்.

கரையை ஒட்டிய கடலடி, நன்றாகச் சமன்படுத்திய வயல் மாதிரி மெல்லத்தான் சரியும். உலகக் கடல்களின் சராசரிக் கணக்குப்படி, ஒரு கிலோமீட்டருக்கு 2 மீட்டர்கூட ஆழம் கூடாது. இதைக் கண்டத்திட்டு என்பார்கள். அதன் விளிம்பைத் தாண்டினால் சரிவு, அதற்கப்பால் ஆழ்கடல்.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனியுகத்தில், கடல் மட்டம் இப்போதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. இன்றைய திட்டின் பெரும்பகுதி அன்று நிலம். ஆறுகள் அதைக் கடந்துபோய் விளிம்பருகே மண்ணைக் கொட்டின. பனி உருகிக் கடல் ஏறியபின்தான் மண் கரையோரம் தேங்கி, இன்றைய டெல்டாக்கள் உருவாயின.

சரிவில் சேர்ந்த மண் எப்போதும் அமைதியாகக் கிடப்பதில்லை. ஏரிக்கரை இடிவதுபோல் ஒருநாள் சரியும். 1929 நவம்பரில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து அருகே நிலநடுக்கத்தால் சரிந்த கடலடி மண், சேற்று வெள்ளமாகப் பாய்ந்து, 12 தந்திக் கம்பிகளை அறுத்தது. கடைசிக் கம்பி அறுந்தது 13 மணி நேரம் கழித்து!

டெல்டா விவசாயிக்கு இதில் என்ன இருக்கிறது? புதிதாகப் படிந்த வண்டல் தன் எடையாலேயே அமுங்கும். நிலம் மெல்லத் தாழும். ஆண்டுதோறும் புது மண் வந்தால்தான் அந்தத் தாழ்வு ஈடாகும். 1934-ல் மேட்டூர் அணை வந்தபிறகு, மேலிருந்து வரும் வண்டலில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்திலேயே தங்குகிறது. அணைக்குக் கீழே மணல் அள்ளுவதும் சேர்ந்தால், கடலுக்குப் போய்ச் சேர்வது இன்னும் குறையும். வரவு குறைந்தாலும் அலை தன் செலவை நிறுத்துவதில்லை. கரை அரிக்கும், உப்புநீர் உள்ளே வரும். தெற்கே தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனதைப் பார்த்தவர்களுக்கு, அலையின் பசி புரியும்.

ஒரு கணக்கு மட்டும் மனதில் இருக்கட்டும். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல்மண் போனால், அது சுமார் 4 கன மீட்டர்; எடை ஏறக்குறைய 5 டன். மேட்டுநிலத்தில் அதை வரப்பு தடுக்கலாம், ஏரியில் தங்கினால் அள்ளி வந்து வயலில் அடிக்கலாம். கடல் திட்டைத் தாண்டிச் சரிவில் இறங்கிய மண்ணை எந்த வண்டியும் திருப்பிக் கொண்டுவராது.