இருவர் கூட்டும் மூன்றாமவர் நலமும்

கூடி வாழ்தல் மக்கட்கு இயல்பு. கூடித் தொழில் செய்தலும் அத்தகையதே. நெய்வோன் நூற்போனை நாடுகின்றான். அச்சிடுவோன் காகிதம் செய்வோனை நாடுகின்றான். ஒருவனிடத்து இல்லாதது மற்றொருவனிடத்து இருத்தலின் கூட்டு உண்டாகின்றது. ஆயின், இருவர் கூடுமிடத்து அக்கூட்டிற் சேராது புறத்தே நிற்கும் மூன்றாமவன் ஒருவனும் உளன். அவன் தரும் பொருளைக் கொண்டே இருவரும் பிழைக்கின்றனர். அவன் நலம் யாதாயிற்று என வினவுவார் சிலரே. மென்பொருள் ஆக்கும் கம்பெனிகளும், வாணிகர்க்கு யோசனை கூறும் ஆலோசனைக் கம்பெனிகளும் இந்நாளில் தம்முள் செய்துகொள்ளும் கூட்டினைக் குறித்து அவ்வினாவையே யாம் ஈண்டு எழுப்பக் கருதுகின்றோம்.

தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என நண்பர் சிலர் நகைத்தல் கூடும். எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு செய்தியே எம்மை இதன்கண் செலுத்திற்று.

எம் தந்தையார் காகித மொத்த வியாபாரி. கடை ஒன்று, கிடங்கு ஒன்று, வேலையாட்கள் நால்வர். மூன்றாண்டுகட்கு முன் கடைக் கணக்கினைக் கணிப்பொறியில் அமைக்க விரும்பிய அவர், ஆண்டுதோறும் எம் வரிக் கணக்கைப் பார்த்துவந்த அன்பர் ஒருவரிடம் யோசனை கேட்டார். அவ்வன்பர் எம் திருச்சபையைச் சேர்ந்தவர். தந்தையார்க்கு இருபதாண்டுப் பழக்கம் உடையவர். அவர் ஒரு மென்பொருளைக் குறித்து, “இதுவே உங்களுக்கு ஏற்றது” என்றார். தந்தையார் மறுவினா வினவாது வாங்கினார். அது தீய மென்பொருள் அன்று. பல கிளைகளும் பல கிடங்குகளும் உடைய பெருங்கடைக்கென ஆக்கப்பட்டது. எம் கடைச் சிப்பந்தி ஒரு ரீம் காகிதம் விற்பதற்கு ஆறு திரைகளைக் கடக்க வேண்டியதாயிற்று. பழைய பேரேட்டையும் விட இயலவில்லை. ஆகவே ஒரே கணக்கு இருமுறை எழுதப்பட்டது. எட்டுத் திங்களில் அம்மென்பொருள் கைவிடப்பட்டது. அதற்குச் செலவான தொகை எம் கல்லூரிப் படிப்புக்கெனச் சேர்த்து வைத்ததில் ஒரு பகுதி.

பின்னர் ஒரு நாள், சந்தாவைப் புதுப்பிக்குமாறு கேட்க வந்த விற்பனையாளர், யாம் செலுத்திய தொகையில் ஒரு பங்கு அவ்வன்பர்க்குச் சென்றது என்பதனைப் பேச்சிடையே வெளியிட்டுவிட்டார். தந்தையார் சினங்கொண்டிலர். “அவர் பங்கு பெற்றதில் எனக்கு வருத்தமில்லை. முன்பே சொல்லியிருந்தால் நான் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருப்பேன்” என்று மட்டும் கூறினார். அதன் பின்னும் இருவரும் ஞாயிறுதோறும் ஒரே ஆலயத்தில் அமர்கின்றனர். ஆனால் ஒரே வரிசையில் அமர்வதில்லை.

இவ்வாண்டு எம் தமையனார் பொறியியற் படிப்பை முடித்துச் சென்னையில் ஓர் ஆலோசனைக் கம்பெனியில் வேலை பெற்றார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அச்செய்தியை அவர் மகிழ்ந்து உரைத்தபோது தந்தையார், “நீங்கள் அமைத்துக் கொடுக்கும் மென்பொருளைச் செய்கிறவர்களுக்கும் உங்கள் கம்பெனிக்கும் கூட்டு உண்டா?” என்று வினவினார். “உண்டு, அப்பா” என்றார் தமையனார். தந்தையார் எழுந்து கை கழுவச் சென்றார். இரண்டு நாள் வீட்டில் அப்பேச்சே இல்லை. தமையனார் மனம் நொந்து, திண்ணையில் எம்மோடு அமர்ந்து, இக்கூட்டின் தன்மையை விளக்கலாயினார். அவர் கூறியவற்றையும், பின்னர் யாமே தேடிப் படித்தவற்றையும் சுருங்கக் கூறுவோம்.

1972-ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்தில், ஐ.பி.எம். கம்பெனியினின்று நீங்கிய பொறியியலார் ஐவர் எஸ்.ஏ.பி. என்னும் கம்பெனியைத் தோற்றுவித்தனர். ஒரு தொழிற்சாலையின் கணக்கு, கொள்முதல், இருப்பு, உற்பத்தி, சம்பளம் ஆகிய யாவற்றையும் ஒரே தொகுதியில் இணைத்தல் அவர்தம் நோக்கமாயிற்று. 1992-இல் அவர்கள் வெளியிட்ட ஆர்/3 என்னும் தொகுதி பல நாடுகளிற் பரவியது. மென்பொருளுக்கு ஓர் இயல்பு உண்டு. ஒருமுறை ஆக்கிவிட்டால் ஆயிரம் படிகள் எடுத்தற்குச் செலவு மிகச் சிறிது. ஆனால் அதனை ஒவ்வொரு தொழிற்சாலையின் வழக்கத்திற்கும் பொருந்த அமைத்தற்கு, பலர் பல திங்கள் அங்கேயே தங்கி உழைத்தல் வேண்டும். அத்துணைப் பேரையும் தானே வேலைக்கு அமர்த்தின், ஆக்கும் கம்பெனி அச்சுமையைத் தாங்காது. ஆதலின் எஸ்.ஏ.பி. அப்பணியின் பெரும்பகுதியை ஆலோசனைக் கம்பெனிகளுக்கு விட்டது.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். துணி ஆலை ஊர்தோறும் தையற்காரரை வைத்துக்கொள்வதில்லை. ஆலை துணி நெய்கின்றது; தையற்காரர் அளவெடுத்துத் தைக்கின்றார். ஆலைக்குத் துணி விற்கின்றது. தையற்காரர்க்குக் கூலி கிடைக்கின்றது. உடுப்பவனுக்குச் சட்டை பொருந்துகின்றது. பெருந்தொழிற்சாலைகளில் மென்பொருளின் விலையினும் அதனை அமைக்கும் கூலி பன்மடங்காதல் உண்டு. ஆதலின் ஆலோசனைக் கம்பெனிகள் இக்கூட்டினைப் பெரிதும் விரும்பின. அவற்றின் பணியாளர்க்கு மென்பொருட் கம்பெனி பயிற்சி தந்து சான்றிதழ் அளிக்கின்றது. அவையோ தம்மை நம்பும் முதலாளிகளிடம் அம்மென்பொருளை எடுத்துச் செல்கின்றன. சில கூட்டுகள் இன்னும் நெருங்கியவை. 2000-ஆம் ஆண்டில் மைக்ரோஸாஃப்ட் கம்பெனியும், பின்னர் அக்ஸென்ச்சர் எனப் பெயர் கொண்ட ஆலோசனைக் கம்பெனியும் சேர்ந்து அவனாட் என்னும் புதுக் கம்பெனியையே நிறுவின. 2002-இல் ஐ.பி.எம்., பிரைஸ்வாட்டர்ஹவுஸ் கூப்பர்ஸின் ஆலோசனைப் பகுதியை விலைக்கே வாங்கிவிட்டது. இவற்றில் ஒளிவு இல்லை. யார் யாருடைய உறவினர் என்பது பெயர்ப்பலகையிலேயே விளங்கும்.

இத்துணையும் கேட்ட பின் யாம் தமையனாரை ஒன்று வினவினோம்: “தைப்பவருக்குத் துணி விற்பதிலும் பங்கு உண்டானால், ‘இந்தத் துணி உமக்கு வேண்டாம்’ என்று அவர் எப்போது சொல்வார்?” அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, ஒரு வழக்கினைப் படித்துப் பார்க்குமாறு கூறினார்.

அவ்வழக்கு வருமாறு. அமெரிக்காவில் பீப்பிள்ஸாஃப்ட் என்னும் மென்பொருட் கம்பெனி இருந்தது. 2005-இல் ஆரக்கிள் அதனை வாங்கிற்று. எர்ன்ஸ்ட் அண்டு யங் என்னும் கம்பெனி அதன் கணக்கினைத் தணிக்கை செய்துவந்தது. அத்தணிக்கைக் கம்பெனியின் ஆலோசனைப் பகுதியோ பீப்பிள்ஸாஃப்ட் மென்பொருளைப் பிறர்க்கு அமைத்துக் கொடுத்துப் பொருள் ஈட்டிற்று. இருவரும் சேர்ந்தே வாணிகத்தைப் பெருக்கினர். ஒருவனோடு தொழிற்கூட்டு வைத்திருப்பவன் அவன் கணக்கினை நடுநின்று பார்த்தல் இயலுமோ? அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் இதனை வழக்காக்கிற்று. 2004 ஏப்ரலில் அவ்வாணையத்தின் நீதிபதி, பொதுமக்கள் பங்கு வாங்கும் புதிய கம்பெனி எதனையும் எர்ன்ஸ்ட் அண்டு யங் ஆறு திங்கள் வரை தணிக்கைக்கு ஏற்றல் கூடாது எனத் தீர்த்தார். ஏறத்தாழ 17 லட்சம் டாலர் தணிக்கைக் கட்டணத்தையும் வட்டியோடு செலுத்துமாறு பணித்தார். கணக்குப் பொய்யா என்பது அவ்வழக்கின் பொருள் அன்று. நடுவுநிலை கெட்டதா என்பதே பொருள். அவ்வாலோசனைப் பகுதி 2000-ஆம் ஆண்டிலேயே கேப் ஜெமினி என்னும் பிரெஞ்சுக் கம்பெனிக்கு விற்கப்பட்டுவிட்டது. எனினும், கூட்டு நீங்கிய பின்னும் அதன் பழி நீங்கவில்லை.

இவற்றால் யாம் தெளிந்தது யாதெனின், கூட்டு என்பது தானே குற்றமுடையது அன்று என்பதாம். மறைக்கப்பட்ட கூட்டே குற்றம். பங்கு உண்டெனின், வாங்குவோன் பணம் கொடுக்குமுன் அதனை எழுத்தில் அவனுக்குத் தெரிவித்தல் வேண்டும். பொருந்தாத இடத்து ‘வேண்டாம்’ என்று கூறும் உரிமை ஆலோசகர்க்கு இருத்தல் வேண்டும். அவ்வுரிமையற்றவர் ஆலோசகர் அல்லர், விற்பனையாளரே. பணி பழுதுபட்டால் அதற்கு விடை கூறுவார் யாவர் என்பதும் தொடக்கத்திலேயே வரையறுக்கப்படல் வேண்டும். இன்றேல் இருவரும் ஒருவரையொருவர் சுட்டி நிற்க, மூன்றாமவன் நடுவே நிற்பான்.

திருவள்ளுவர் நட்பு என்னும் அதிகாரத்தை அடுத்தே நட்பாராய்தலை வைத்தார். கூடுக என்று கூறியவர், ஆராயாது கூடற்க என்பதனைத் தள்ளி வைக்க மனங்கொள்ளவில்லை போலும். மலைப்பிரசங்கத்தில் இரு எஜமான்களைக் குறித்து நம் ஆண்டவர் அருளியதும் நாம் சிறுபோது முதற் கேட்டதே. உடன் பயிலும் அன்பர்காள்! நம்முட் பலர் இத்தகைய கம்பெனிகளில் அமர்ந்து சம்பளம் பெறுவோம் என்பது உறுதி. அந்நாளில் மேசைக்கு அப்புறம் அமர்ந்திருப்பவர், நால்வரை வேலைக்கு வைத்த ஒரு காகிதக் கடைக்காரராகவும் இருத்தல் கூடும்.

தமையனார் ஊருக்குப் புறப்பட்ட இரவு தந்தையாரும் ரயிலடிக்கு வந்தார். வண்டி நகருமுன், “ஐயா, கூட்டு இருக்கட்டும். ‘இது உங்களுக்கு வேண்டாம்’ என்று சொல்ல உனக்கு அனுமதி உண்டா என்று முதல் நாளே கேட்டுக்கொள்” என்றார். “கேட்கிறேன், அப்பா” என்றார் அவர்.

சென்ற திங்களில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. தம் கம்பெனியார் கூட்டு உள்ளதென்பதை வாங்குவோர்க்கு முதற் கடிதத்திலேயே எழுதிவிடுகின்றனர் என்றும், ‘வேண்டாம்’ என்று கூறலாமா எனத் தாம் வினவியதற்கு மேலதிகாரி, “காரணம் காட்டினால் கூறலாம்” என்றார் என்றும், அவ்வாறு கூறும் தருணம் தமக்கு இன்னும் வரவில்லை, வந்தால் எழுதுவதாகவும் குறித்திருந்தார். தந்தையார் அக்கடிதத்தை இருமுறை படித்துப் பேரேட்டினுள் வைத்துக்கொண்டார். அடுத்த கடிதத்தை யாமும் எதிர்நோக்கியிருக்கின்றோம்.