அத்தை வீட்டுக்குப் பத்திரிகை வைக்கலாமா, வேண்டாமா?

அக்காவுக்குக் கல்யாணம் முடிவான மறுநாள், அப்பா பீரோவின் மேல்தட்டிலிருந்து நான்கு நோட்டுகளை இறக்கினார். எல்லாவற்றிலும் நான்கு மூலையில் மஞ்சள், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. யாரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவது என்று எக்ஸெல் ஷீட்டில் பட்டியல் போடலாம் என லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "பட்டியல் இதுலதான் இருக்கு பாப்பா. நீ காப்பி பண்ணா போதும்" என்றார்.

அவை மொய் நோட்டுகள். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கல்யாண அழைப்புப் பட்டியலை யாரும் யோசித்து எழுதுவதில்லை. ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. நம் வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு செய்தார்கள் என்பது மூன்று நோட்டுகளில். நாம் யாருக்கு எவ்வளவு செய்தோம் என்பது நான்காவது, ஒல்லியான நோட்டில். மொய் என்று சொன்னாலும் பெரியவர்கள் வாயில் வருவது 'செய்முறை'தான். செய்ததற்குத் திருப்பிச் செய்ய வேண்டும், கொஞ்சம் கூடப் போட்டுச் செய்ய வேண்டும். அந்தக் கூடுதல் பணம்தான் அடுத்த கணக்கைத் தொடங்கி வைக்கிறது. 500 என்று முழுசாக வைக்காமல் 501 என்று வைப்பதும் கணக்கு முடிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று சித்தப்பா சொல்வார்.

இருப்பதிலேயே பழைய நோட்டு 1983-ல் நடந்த பெரிய அத்தை கல்யாணத்துடையது. அட்டையில் தாத்தா 'இராமநாதபுரம் ஜில்லா' என்று எழுதியிருக்கிறார். விருதுநகர் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1985-ல்தானே. உள்ளே ஊர், பெயர், தொகை. 11 ரூபாய், 21 ரூபாய், நடுநடுவே 'எவர்சில்வர் குடம் 1'. அதில் இருக்கும் குடும்பங்களில் பாதி இன்று திருப்பூரிலும் கோவையிலும் சென்னையிலும் இருக்கிறது. ஆனால் மொய் மேசை முன்னால் நிற்கும்போது திருப்பூர் என்று யாரும் சொல்வதில்லை. வீடு இடிந்து வேலிக்கருவை முளைத்திருந்தாலும் சொந்த ஊர்ப் பெயரைத்தான் சொல்கிறார்கள். எழுதுகிறவரும் அதைத்தான் எழுதுகிறார்.

நோட்டு நான்கையும் சேர்த்தால் அறுநூறு வீடு வந்தது. மண்டபமோ, சமையல் மாஸ்டர் சொன்ன இலைக் கணக்கோ அதற்குத் தாங்காது. வீட்டுக்கு ஒருவர் வருவாரா, நான்கு பேர் வருவார்களா என்பது ஆண்டவனுக்கே தெரியாது. முதலில் இறந்தவர்களை அடித்தோம். பிறகு அவர்களின் பிள்ளைகள் பெயரைச் சேர்த்தோம். ஆக, ஒரு வீடும் குறையவில்லை.

"கொரோனா நேரத்துல ஐம்பது பேரோட முடிச்சாங்களே, அது மாதிரி செஞ்சா என்ன?" என்று கேட்டேன். அப்பாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. 2020-ல் கல்யாணத்துக்கு ஐம்பது பேர் மட்டும் என்று அரசு கட்டுப்பாடு போட்டபோது, எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படித்தான் நடத்தினார்கள். செலவு மிச்சம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். முப்பது வருடமாக ஊரெல்லாம் செய்து வந்த அந்தக் குடும்பத்துக்கு அது திரும்பி வர வேண்டிய ஒரே நாள் கைவிட்டுப் போயிற்று. கொஞ்சம் பேர் ஜிபே-யில் அனுப்பினார்கள். மீதிப் பேர் 'பத்திரிகை வைக்கலையே' என்று இருந்துவிட்டார்கள். (தென்கொரியாவிலும் கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டுப் பண உறை வாங்கி, நோட்டில் பெயர் எழுதுகிறார்கள். அங்கே போனால் அப்பாவுக்குக் கை பழகிவிடும்.)

எல்லாப் பெயரும் ஒருவழியாக முடிந்து ஒரே ஒரு பெயரில் சிக்கியது. திருச்சுழி தாண்டி நரிக்குடி பக்கம் இருக்கிற அத்தை. அப்பாவுக்குச் சித்தப்பா மகள். 2019-ல் அத்தை மகள் கல்யாணத்துக்கு அப்பா 5,001 செய்திருக்கிறார், ஒல்லி நோட்டில் இருக்கிறது. போன பருவத்தில் அத்தைக்கு மிளகாய் நல்ல காய்ப்பு. காயப்போட்ட நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பழமெல்லாம் வெள்ளை விழுந்து, வியாபாரி கேட்ட விலை பறித்த கூலிக்கே காணவில்லை. அதற்குப் பிறகு கம்மலும் அடகுக்குப் போய்விட்டது என்று கேள்வி.

"பத்திரிகை வச்சா, செய்யணுமேன்னு எங்கயாவது வட்டிக்கு வாங்கும். வேண்டாம், விட்ருவோம்" என்றார் அப்பா.

"வைக்காம விட்டா அக்கா உசுரோட இருக்கறப்பவே இல்லைன்னு சொன்ன மாதிரி ஆயிரும்ணே" என்றார் சித்தப்பா.

இரண்டும் உண்மைதான். மானாவாரி ஊரில் அழைப்பிதழ் என்பது பாதி மரியாதை, பாதி ரசீது. 'மொய் வேண்டாம், வந்தால் போதும்' என்று அச்சடிக்கலாம். சிவகாசி பிரஸ்ஸில் எதையும் அச்சடித்துத் தருவார்கள். ஆனால் அதைச் சொந்தக்காரர் கையில் கொடுப்பது, உன்னிடம் ஒன்றும் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம்.

ஆடிக் கடைசியில் சித்தப்பா பைக்கில் நானும் ஏறிக்கொண்டேன். தாம்பாளம், குங்குமச் சிமிழ், வெற்றிலை பாக்கு, எழுபது பத்திரிகை. அருப்புக்கோட்டைத் தெருக்களின் தறிச் சத்தம் முதுகுக்குப் பின்னால் ஓய்ந்ததும் வெட்டவெளி தொடங்கியது. உழுது போட்ட கரிசல், அதற்கு அப்பால் வேலிக்கருவை, அதற்கு அப்பாலும் வேலிக்கருவை. அங்கங்கே கரிமூட்டம் புகைந்தது. கண்மாய்களில் ஆடு மேய்ந்தது. விதைப்புக்கு இன்னும் புரட்டாசி மழை வர வேண்டும். இந்த மாதத்தில் இந்தப் பக்கம் யார் கையிலும் காசு இருக்காது. மாப்பிள்ளைக்கு லீவு ஆவணியில்தான் கிடைத்தது என்பதற்காக நாங்கள் ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிறோம் என்பது அங்கே போகும்போதுதான் எனக்கு உறைத்தது. தையிலோ மாசியிலோ வைத்திருந்தால், பாதி வீடுகளில் தண்ணீர் கொடுத்த கையோடு கொஞ்சம் சிரித்தும் இருப்பார்கள்.

வழியில் ஒரு ஊரில் சித்தப்பா வழக்கமான தெருவுக்குத் திரும்பாமல் காலனிக்குள் வண்டியை விட்டார். அக்காவின் காலேஜ் தோழி வீடு. அவள் கல்யாணத்துக்கு அக்கா போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள். எங்கள் நான்கு நோட்டிலும் அந்தத் தெருவில் இருந்து ஒரு பெயர் கிடையாது. தாத்தாவின் கிணற்றை வெட்டிய ஆட்கள் அதே தெருக்காரர்கள்தான், ஆனாலும் கிடையாது. சித்தப்பா தாம்பாளத்தை நீட்டி, எல்லா வீட்டிலும் சொன்ன அதே வரியைச் சொன்னார்: "குடும்பத்தோட முதல் நாளே வந்துரணும்." கொடுத்த காப்பியைக் குடித்தார். திரும்பி வரும்போது அதைப்பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பட்டியலில் அந்த வீட்டை அக்காதான் தன் கையெழுத்தில் சேர்த்திருந்தாள்.

திருச்சுழியில் திருமேனிநாதர் கோயில் வாசலில் நிழலுக்கு நின்றோம். பக்கத்தில் குண்டாறு, பேருக்குத்தான் ஆறு. 1879-ல் ரமண மகரிஷி பிறந்த வீடும் இங்கேதான், இப்போது சுந்தர மந்திரம். 1896-ல் மதுரையில் வீட்டை விட்டுப் புறப்பட்ட பையன், அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாய் இருக்கிறது என்று கடிதத்தில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "எல்லாத்தையும் துறக்கப் போனவரே கணக்க எழுதி வச்சுட்டுத்தான் போயிருக்காரு, பாத்துக்க" என்றார் சித்தப்பா.

அத்தை வீட்டு வாசலில் வேப்பமரம், கட்டில். "வா தாயி, வா தம்பி" என்று செம்பில் தண்ணீர் வந்தது. சித்தப்பா தாம்பாளத்தை நீட்டும்போது குரல் ஒரு மாதிரி தணிந்துவிட்டது. அத்தை பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிரித்தார். தாய்மாமன் பெயர் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தார், 'நம்மளையும் போட்ருக்கீகளே' என்று தன் வீட்டுக்காரர் பெயர் மேல் விரலை வைத்தார். பிறகு உள்ளே போனார்.

ஏதோ பலகாரம் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். கையில் நோட்டோடு வந்தார். அதே மஞ்சள் மூலை. கட்டிலில் உட்கார்ந்து, எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டி நிறுத்தினார்.

"அண்ணன் செஞ்சது ஐயாயிரத்தொண்ணு. இந்தா இருக்கு. மறந்துருவேன்னு நினைச்சீகளா?"

சித்தப்பா வேப்பமரத்தைப் பார்த்தார்.

"இப்ப நம்ம நிலவரம் உங்களுக்குத் தெரியும். பெரியவ கல்யாணத்துக்கு ஆயிரத்தொண்ணு எழுதுவேன். மிச்சம் நாலாயிரம்..." என்று நிறுத்தி, என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்தா, இவளுக்கு எப்ப வைக்கப் போறீக? மாசில வைங்க தம்பி. மிளகா வித்த கையோட வந்துர்றேன்."

சித்தப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளையே பார்க்காத என் கல்யாணத்துக்கு அங்கே மாதமும் குறித்து முதல் மொய்யும் எழுதியாகிவிட்டது.

கிளம்பும்போது அத்தை வண்டி வரைக்கும் வந்தார். "பட்டியல் நீதான எழுதுற? நாங்க நாலு பேரு முதல் நாளே வந்துருவோம். நாலு இலை எழுதிக்க." போனை எடுத்து ஷீட்டைத் திறந்தேன். அங்கே சிக்னல் இல்லை. சித்தப்பா சட்டைப் பையில் இருந்த பேனாவை வாங்கி, மீதமிருந்த ஒரு பத்திரிகைக் கவரின் முதுகில் ஊர்ப் பெயரை முதலில் எழுதினேன்.